ஆசிரியர் இல்லாமல் அனிமேஷன் கற்று, அதையே தொழிலாக்க முடியுமா?

கேள்வி இதுதான்: கல்லூரியோ பயிற்சி மையமோ போகாமல், வீட்டிலிருந்தே கற்று அனிமேட்டர் ஆக முடியுமா? முடியும் என்றால் எதை, எந்த வரிசையில், எவ்வளவு காலம் கற்க வேண்டும்?

முடியும். இந்தத் துறையில் ஆள் எடுப்பவர் முதலில் பார்ப்பது ஷோரீலைத்தான், அதாவது நீங்கள் செய்ததில் சிறந்தவற்றைத் தொகுத்த சிறு வீடியோவைத்தான். அது நன்றாக இருந்தால் எங்கே படித்தீர்கள் என்பது அநேகமாகப் பேச்சில்கூட வராது. வேறு நாட்டுக்கு வேலை விசா வாங்கும்போது மட்டும் பட்டம் கேட்கப்படலாம். அந்த எண்ணம் இருந்தால் அந்த நாட்டு விதியை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாடங்களுக்குப் பஞ்சமில்லை. இலவசமாகவே ஓர் ஆயுளுக்குப் போதுமான அளவு கிடக்கிறது. தனியாகக் கற்பவர் சறுக்குவது வேறு இடத்தில். தன் ஷாட்டில் (தொடர்ச்சியாக ஓடும் ஒரு சிறு காட்சித் துண்டில்) ஏதோ சரியில்லை என்பது அவருக்குத் தெரியும். எந்த ஃப்ரேமில், அதாவது அந்தத் துண்டின் எந்தத் தனிப் படத்தில், எதனால் என்பது தெரியாது. வகுப்பில் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் ஆசிரியரின் அந்தக் கண்ணைத்தான். அதனால் ஒவ்வொரு பயிற்சியைச் சொல்லும்போதும், அதில் வழக்கமாக எது கெடும், அதை நீங்களே எப்படிப் பிடிப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எந்தப் பிரிவு, என்ன மென்பொருள்

அனிமேஷன் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே தனித்தனி வேலைகள். ஒவ்வொரு படத்தையும் கையால் வரையும் 2டி ஒன்று. உருவத்தைத் துண்டுகளாகப் பிரித்து, எலும்பு மாட்டி அசைக்கும் கட்-அவுட் 2டி இன்னொன்று. தொலைக்காட்சித் தொடர்களில் இது அதிகம். 3டி கேரக்டர், கேம், சினிமா விஎஃப்எக்ஸில் (கணினியில் செய்யும் காட்சி விளைவுகளில்) வரும் விலங்குகள், எழுத்தும் வடிவமும் நகரும் மோஷன் கிராஃபிக்ஸ் என்று மற்றவை. முதல் ஆறு மாதப் பாடம் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆகவே இதில் வாரக்கணக்கில் குழம்ப வேண்டாம். வரைவதில் விருப்பமே இல்லையென்றால் கையால் வரையும் 2டியை விட்டுவிடுங்கள். 3டிக்கு, குச்சி உருவத்தில் ஒரு போஸைக் குறித்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

3டிக்கு பிளெண்டரில் தொடங்கலாம். 2002 முதல் அது திறந்த மூல மென்பொருள். பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்தாலும் இலவசம்தான். "இலவச மென்பொருளில் செய்தால் மதிப்பு இருக்குமா" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் 2019இல் ஒரு முழுநீள அனிமேஷன் படத்தைத் தனியாளாக முடித்தார். அடுத்து ஒரு சிறு குழுவுடன் பிளெண்டரில் அவர் உருவாக்கிய ஃப்ளோ, 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. ஆனாலும் பெரிய ஸ்டூடியோக்கள் பலவற்றில் மாயா என்ற கட்டண மென்பொருள்தான் ஓடுகிறது. அதன் இலவசக் கல்வி உரிமம் ஏதாவது கல்வி நிலையத்தில் சேர்ந்திருப்பவருக்கே கிடைக்கும். பிளெண்டரில் கிராஃப் எடிட்டரை (அசைவை வளைகோடாகக் காட்டித் திருத்தும் பகுதியை) நன்றாகப் பழகியவருக்கு மாயாவுக்கு மாறச் சில வாரங்கள் போதும். வளைகோடு எங்கேயும் வளைகோடுதான், பொத்தான்கள்தான் வேறு.

2டிக்கு கிரிட்டா, பிளெண்டரிலேயே இருக்கும் கிரீஸ் பென்சில், ஓப்பன்டூன்ஸ் மூன்றும் இலவசம். கடைசியில் சொன்னது, ஸ்டூடியோ கிப்லி தன் படங்களுக்குப் பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருளின் திறந்த வடிவம், 2016இல் வெளிவந்தது. கட்-அவுட் வேலைக்கு ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் கேட்பது டூன் பூம் ஹார்மனி.

கணினியில் 16 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு, நடுவில் சக்கரம் உள்ள மூன்று பட்டன் மவுஸ். 2டிக்கு, திரையில்லாத சாதாரண வரையும் டேப்லெட் போதும். இதற்கு மேல் செலவு செய்வதை முதல் சம்பளம் வரும்வரை தள்ளிப்போடலாம்.

இங்கே பலர் ஓராண்டைத் தொலைக்கிறார்கள். முதலில் மாடலிங் (உருவம் செய்வது), பிறகு டெக்ஸ்சர் (மேற்பரப்பு), லைட்டிங், ரிக்கிங் (எலும்பும் கட்டுப்பாடுகளும் மாட்டுவது), அதெல்லாம் முடித்துத்தான் அனிமேஷன் என்று திட்டம் போடுவது. வேண்டாம். அனிமேட்டர் வேலைக்குப் போகிறவர் தானே கேரக்டர் செய்ய வேண்டியதில்லை. பிளெண்டர் ஸ்டூடியோ வெளியிட்ட ரெயின், ஸ்னோ போன்ற தரமான இலவச ரிக்குகள், அதாவது எலும்பு மாட்டி அசைக்கத் தயாரான உருவங்கள், இருக்கின்றன. ஒன்று மட்டும் கவனம்: ரிக்கின் உரிமக் குறிப்பைப் படியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பல ரிக்குகளுக்கு "பயிற்சிக்கு மட்டும்" என்ற நிபந்தனை உண்டு. செய்தவர் பெயரை ரீலில் குறிப்பிடுவது மரியாதை. சில உரிமங்களில் அது கட்டாயம்.

பந்து

1981இல் டிஸ்னியின் மூத்த அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஓலி ஜான்ஸ்டனும் 12 அடிப்படை விதிகளை எழுதி வைத்தார்கள். அவற்றை மனப்பாடம் செய்வதால் ஒன்றும் வராது. அதில் இரண்டு, டைமிங்கும் ஸ்பேசிங்கும், கைக்கு வந்துவிட்டால் மற்றவை தாமாகப் பிடிபடும். ஓர் அசைவுக்கு எத்தனை ஃப்ரேம் என்பது டைமிங். அந்த ஃப்ரேம்களுக்குள் பொருள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது ஸ்பேசிங். பந்து துள்ளும் பயிற்சியை எல்லோரும் கொடுப்பதற்குக் காரணம், அதில் இவை இரண்டைத் தவிர ஒளிந்துகொள்ள வேறு எதுவும் இல்லை.

நொடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில், கீழே விழும் பொருள் 6 ஃப்ரேமில் சுமார் 30 செ.மீ. இறங்கும். 12 ஃப்ரேமில் 1.2 மீட்டர். 24 ஃப்ரேமில் 4.9 மீட்டர். சம நேர இடைவெளியில் குறித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் இறங்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடும். இந்த எண்கள் கையில் இருந்தால் பந்து சரியாக விழுகிறதா என்று யாரையும் கேட்க வேண்டாம்.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து, ஒவ்வொரு முறையும் பாதி உயரம் எழும்பும் ரப்பர் பந்தை எடுத்துக்கொள்வோம். ஃப்ரேம் 1இல் மேலே. 12இல் தரையைத் தொடும். 20இல் 50 செ.மீ. உயரத்தில் இருக்கும். 28இல் மறுபடி தரை. 33இல் 25 செ.மீ., 39 வாக்கில் மூன்றாம் முறை தரை. உயரம் பாதியானாலும் நேரம் பாதியாவதில்லை, சுமார் 70 விழுக்காடுதான் ஆகிறது என்பதைப் பாருங்கள். பழகாதவர்கள் நேரத்தையும் பாதியாக்கிவிடுவார்கள். அப்போது கடைசித் துள்ளல்கள் படபடவென்று அடித்துக்கொண்டு போகும்.

இனி கெடும் இடங்கள். பந்து தரையில் மெத்தையில் இறங்குவது போலத் தெரிந்தால், கிராஃப் எடிட்டரில் தரை தொடும் கீயை (அந்த ஃப்ரேமில் பந்தின் நிலையை நீங்கள் பதித்த புள்ளியை) பாருங்கள். மென்பொருள் தானாகவே எல்லாக் கீயையும் வழவழப்பாக வளைத்துவிடும். அதனால் பந்து தரைக்கு அருகில் வேகம் குறைந்து, மெதுவாகத் தொட்டு, மெதுவாகக் கிளம்பும். அந்தக் கீயின் இரு பக்கக் கைப்பிடிகளையும் தனித்தனியாக நகரும்படி பிரித்து, வளைவை வி எழுத்துப் போலக் கூர்மையாக்க வேண்டும். மேலே உச்சியில் மட்டும்தான் வழவழப்பு. கிடைமட்ட நகர்வை ஒவ்வொரு துள்ளலுக்கும் தனியாக வளைக்காதீர்கள். காற்றில் இருக்கும்போது பந்து முன்னோக்கிப் போகும் வேகம் மாறுவதில்லை; தரையைத் தொடும்போதுதான் கொஞ்சம் இழக்கிறது.

நசுங்குவதைத் தரை தொடும் அந்த ஒரு ஃப்ரேமில் மட்டும் கொடுங்கள். அதற்கு முந்தைய ஃப்ரேமில் பந்து நீண்டிருக்கலாம். உயரம் 0.8 ஆகும்போது அகலமும் ஆழமும் தலா 1.12 ஆக வேண்டும், இல்லாவிட்டால் பந்து சிறுத்துப் பெருப்பது போலத் தெரியும். இரும்புக் குண்டு, பிங்பாங் பந்து, காற்று பாதி இறங்கிய கால்பந்து என்று மூன்று வகை செய்து பாருங்கள். நிறமோ ஒலியோ இல்லாமல், எது எது என்று வேறொருவர் சொல்லிவிட்டால் இந்தப் பாடம் முடிந்தது.

அதற்கடுத்து ஊசல், பந்துக்கு ஒரு வால், மாவு மூட்டை குதிப்பது என்று வரிசையாகப் போகலாம். வாலில் கற்பது ஒன்றே: அடிப்பகுதி முதலில் நகரும், ஒவ்வொரு மூட்டும் அதற்கு முந்தையதைவிட 2 அல்லது 3 ஃப்ரேம் தாமதமாகத் தொடரும். எல்லா மூட்டுக்கும் ஒரே ஃப்ரேமில் கீ விழுந்திருந்தால் அது வால் ஆகாது, குச்சிதான்.

நடை

நடையில்தான் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள். சாதாரண நடையில் ஓர் அடிக்கு 12 ஃப்ரேம், அதாவது நொடிக்கு இரண்டு அடி. கால் முன்னே ஊன்றும் போஸ் ஃப்ரேம் 1இல். எடை இறங்கி உடல் மிகத் தாழும் போஸ் 4இல். ஒரு கால் மற்றதைக் கடக்கும் போஸ் 7இல். உடல் மிக உயரும் போஸ் 10இல். 13இல் மறுகால் ஊன்றும். அங்கிருந்து அதே வரிசை கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பி 25இல் முதல் போஸுக்கு வரும்.

25உம் 1உம் ஒரே படம். ஆகவே சுழற்சியை 1 முதல் 24 வரை மட்டும் ஓட்டுங்கள். 25ஐயும் சேர்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஃப்ரேம் நின்று போவது போல ஒரு விக்கல் வரும். அதன் பிறகும் விக்கினால், முதல் கீயிலும் கடைசிக் கீயிலும் வளைவின் சாய்வு பொருந்தவில்லை என்று பொருள்.

நின்ற இடத்திலேயே நடக்கும் சுழற்சியில், தரையில் ஊன்றிய கால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரே அளவு பின்னே போக வேண்டும். அந்தப் பகுதியின் வளைவு நேர்கோடாக இருக்கட்டும். அது வளைந்திருந்தால், உருவத்தை முன்னே நகர்த்தியதும் கால் பனியில் வழுக்கும். முட்டி திடீரென்று வெட்டிக்கொள்வது இன்னொரு நிரந்தரத் தொல்லை. ஐகே காலை (பாதத்தை நகர்த்தினால் முட்டி தானாக மடங்கும் அமைப்புள்ள காலை) முழுவதுமாக நீட்டிவிட்டால், கணுக்கால் ஒரு நூல் நகர்ந்தாலும் முட்டியின் கோணம் நிறைய மாறும். அதனால் வரும் வெட்டு அது. அந்த ஒன்றிரண்டு ஃப்ரேமில் இடுப்பைச் சிறிது இறக்குங்கள், அல்லது குதிகாலைக் கொஞ்சம் தூக்குங்கள். எக்காலத்திலும் காலை முழு நீளத்துக்கு இழுத்துவிடாதீர்கள்.

வேலையை இடுப்பிலிருந்து தொடங்குங்கள். இடுப்பின் ஏற்ற இறக்கம், பக்கவாட்டு நகர்வு, சுழற்சி மூன்றும் சரியாக இருந்தால் கைகளை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் நடை நடையாகத் தெரியும். கைகளுக்கு எஃப்கே (தோளிலிருந்து ஒவ்வொரு மூட்டாக நீங்களே சுழற்றும் அமைப்பு) வையுங்கள். ஐகேயில் ஊசல் போன்ற வில் வராது. மேசையில் ஊன்றிய கை, எதையாவது பிடித்துத் தொங்கும் கை என்றால்தான் ஐகே. தோளையோ மணிக்கட்டையோ சுற்றும்போது நடுவில் விசித்திரமாகப் புரண்டால் அது கிம்பல் லாக். நடு அச்சு 90 பாகையை நெருங்கும்போது மற்ற இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடுகின்றன. அனிமேட் செய்யத் தொடங்குவதற்கு முன்பே அந்தக் கட்டுப்பாட்டின் சுழற்சி வரிசையை (அச்சுகள் எந்த வரிசையில் சுழலும் என்பதை) மாற்றி வைத்தால் தப்பலாம். பாதி வேலை முடிந்த பிறகு மாற்றினால் இருக்கிற கீகள் எல்லாம் கலைந்துவிடும்.

ஒரு ஷாட்டை எப்படிக் கட்டுவது

முதலில் ரெஃபரன்ஸ். நீங்களே நடித்து வீடியோ எடுங்கள். ஃபோன் கேமரா வழக்கமாக நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுக்கும், அதுவும் பல ஃபோன்களில் சீராக இருக்காது. அப்படியே மென்பொருளுக்குள் கொண்டுவந்தால் போகப்போக நேரம் விலகும். கேமராவில் 24 என்று வைக்க முடிந்தால் வையுங்கள். இல்லையென்றால் ஹேண்ட்பிரேக் போன்ற இலவசக் கருவியில், மாறாத 24 ஃப்ரேமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஃபோனை முகத்துக்கு மிக அருகில் வைத்தால் மூக்கும் கையும் பெருத்து, போஸே தவறாகப் படியும். நான்கைந்து அடி தள்ளி, உங்கள் ஷாட்டின் கேமரா இருக்கும் கோணத்திலிருந்து எடுங்கள். பத்துப் பதினைந்து முறை நடித்த பிறகுதான் உடல் கேமராவை மறக்கும். அதற்குப் பிறகு வருபவையே பயன்படும்.

வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பின்பற்றி நகலெடுக்க வேண்டாம். எடை எப்போது எந்தக் காலுக்கு மாறுகிறது, திரும்பும்போது கண் முதலிலா தலை முதலிலா, கை நிற்பதற்கு முன் எத்தனை ஃப்ரேம் மெதுவாகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, போஸைச் சற்று மிகைப்படுத்துங்கள். உள்ளது உள்ளபடி நகலெடுத்த ரெஃபரன்ஸ் திரையில் எப்போதும் சோர்ந்தே தெரியும்.

அடுத்தது ப்ளாக்கிங், அதாவது முக்கிய போஸ்களை மட்டும் வைத்து ஷாட்டை வடிவமைப்பது. கீகளை ஸ்டெப்டு முறையில் வையுங்கள். பிளெண்டரில் அதற்குப் பெயர் கான்ஸ்டன்ட். ஒரு போஸ் அடுத்ததற்கு வழுக்காமல் சட்டென மாறும். 5 நொடி ஷாட்டில் கதை சொல்லும் போஸ்கள் நான்கோ ஐந்தோதான் இருக்கும். ஒவ்வொரு போஸிலும் எல்லாக் கட்டுப்பாட்டுக்கும் கீ போடுங்கள். பிறகு அவற்றுக்கிடையே தயாரிப்பு அசைவு (குதிக்கும் முன் குனிவது போல), வில் போன்ற பாதையின் நடுப்புள்ளி, இறங்கி நிலைக்கும் போஸ் என்று சேர்த்துக்கொண்டே போங்கள்.

தனியாகக் கற்பவர்களின் 3டி ஷாட் எல்லாம் நீருக்கடியில் நடப்பது போல இருப்பதற்குப் பெரிய காரணம் இங்கேதான் இருக்கிறது. நான்கு போஸ் வைத்துவிட்டு ஸ்ப்ளைனுக்கு, அதாவது கீகளுக்கிடையே வழவழப்பான வளைவு ஓடும் முறைக்கு, மாறுகிறார்கள். இடையில் உள்ள இருபது ஃப்ரேமை மென்பொருள் நிரப்புகிறது. அதற்கு எடையும் தெரியாது, நோக்கமும் தெரியாது. அசைவு உள்ள பகுதிகளில் 3 அல்லது 4 ஃப்ரேமுக்கு ஒரு கீ நீங்கள் வைத்தது இருக்கும் வரை ஸ்ப்ளைனைத் தொடாதீர்கள். ஸ்டெப்டிலேயே பார்த்தால் ஷாட் புரிய வேண்டும். ஸ்ப்ளைனுக்குப் போன பிறகு புரியும் என்று நம்புவது வீண்.

ஸ்ப்ளைனில் இடுப்பு, முதுகு, தலை, கை, விரல், முகம் என்ற வரிசையில் சுத்தம் செய்யுங்கள். மணிக்கட்டுக்கும் மூக்கு நுனிக்கும் மோஷன் பாத்தை, அதாவது அவை நகரும் பாதையைக் காட்டும் கோட்டை, போட்டுப் பாருங்கள். கோட்டில் கூர்மையான உடைப்போ, புள்ளிகள் தாறுமாறாக நெருங்கி விலகுவதோ தெரிந்தால் தவறு அங்கேதான். போஸ் நிற்கும் இடத்தில் உடலை முழுக்க உறைய வைத்தால் 3டியில் செத்துவிடும். சில பாகைகள் மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கட்டும். 2டியில் உறைந்த படம் அவ்வளவு உறுத்தாது. இரண்டு கையும் ஒரே ஃப்ரேமில் ஒரே போஸில் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கண் இமைப்பு: மூட 2 ஃப்ரேம், மூடியபடி 1 அல்லது 2, திறக்க 3. தலை திரும்பும்போதும் எண்ணம் மாறும்போதும் இமைக்க வைத்தால் இயல்பாக இருக்கும். மூன்று நொடிக்கு ஒருமுறை என்று கடிகாரம் வைத்தது போல இமைக்க விடாதீர்கள்.

ஷாட்டை வ்யூபோர்ட்டில் (மென்பொருளின் வேலைத் திரையில்) ஓட்டிப் பார்த்து டைமிங்கை முடிவு செய்யக்கூடாது. கனமான ரிக்கில் பிளெண்டர் எல்லா ஃப்ரேமையும் காட்டப் பார்க்கும், அதனால் உண்மையைவிட மெதுவாக ஓடும். நீங்கள் வேகத்தைக் கூட்டிவிடுவீர்கள்; வீடியோவாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் பறக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ப்ளேபிளாஸ்ட் (வேலைத் திரையில் தெரிவதை அப்படியே எடுத்த விரைவு வீடியோ) எடுத்து அதைப் பாருங்கள். இடம் வலம் மாற்றிய வீடியோவாக ஒருமுறை, ஒலி இல்லாமல் ஒருமுறை, உருவம் முழுக்கக் கறுப்பு நிழலாக ஒருமுறை, இரண்டு நாள் கழித்து ஒருமுறை. ஆசிரியர் சொல்லக்கூடிய குறைகளில் பெரும்பகுதி இந்த நாலு பார்வையில் வெளியே வந்துவிடும்.

வசனக் காட்சிக்கு 5 முதல் 8 நொடி ஒலி போதும். வாயைக் கடைசியில் செய்யுங்கள். முதலில் தாடை ஏறி இறங்குவது, பிறகு உதடு விரிவதும் குவிவதும், கடைசியாக ப, ம வரும் இடங்களில் உதடு மூடுவது. வாய் வடிவம் ஒலிக்கு 1 அல்லது 2 ஃப்ரேம் முன்னால் வரட்டும். தலையசைப்பு அழுத்தமான சொல்லுக்கு 2 அல்லது 3 ஃப்ரேம் முன்னால். எழுத்து எழுத்தாக வாயசைத்தால் மென்றுகொண்டிருப்பது போல இருக்கும். தமிழ் வசனத்துக்கு, ஆங்கிலப் பாடங்களில் கிடைக்காத சில நுணுக்கங்கள் உண்டு. "அப்பா"வில் உதடு மூடியிருக்கும் நேரம் "சபை"யில் இருப்பதைவிட நீளம். இரட்டித்த ப்ப, ம்ம வந்தால் 4 ஃப்ரேம் வரை மூடி வைக்கலாம். "வந்து", "பேச்சு" போன்ற சொற்களின் கடைசிக் குற்றியலுகரத்துக்கு உதட்டைக் குவிக்காதீர்கள். பேச்சில் அது குவிவதே இல்லை. ள, ழ, ண எல்லாம் நாக்கின் வேலை, வெளியே வாயில் ஏதும் மாறாது.

எவ்வளவு காலம்

வாரம் 12 முதல் 15 மணி நேரம் ஒதுக்கினால், வேலைக்கு விண்ணப்பிக்கும் தரத்துக்கு ஒன்றரையிலிருந்து இரண்டரை ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் பந்தும் வாலும். அடுத்த மூன்று மாதம் நடை, ஓட்டம், பாரம் தூக்குவது, குதிப்பது. அதன் பிறகு முழு ஷாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வாரம். ஒரு ஷாட்டைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவுவதுதான் காலத்தை இழுக்கும் பெரிய காரணம். கடைசி இருபது விழுக்காடு சுத்தம் செய்யும் வேலை சலிப்பானது. வேலையில் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் அதற்குத்தான்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் முடிவுத் தேதி வைத்து, ப்ளாக்கிங் முடிந்ததும் ஒருமுறை, ஸ்ப்ளைன் முடிந்ததும் ஒருமுறை அடுத்தவரிடம் காட்டுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். "ஃப்ரேம் 40 முதல் 60 வரை எடை வலது காலுக்கு மாறுவது தெரிகிறதா?" என்று கேட்டால் உருப்படியான பதில் வரும். அனிமேட்டர் அல்லாத ஒருவரிடமும் காட்டுங்கள். "இந்த ஆள் என்ன நினைக்கிறான்?" என்று மட்டும் கேளுங்கள், நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள்.

ரீலும் வேலையும்

முதல் ரீல் 30 முதல் 60 நொடி. மூன்று முதல் ஐந்து ஷாட் போதும். மிகச் சிறந்தது முதலில், இரண்டாவது சிறந்தது கடைசியில். பார்ப்பவர் முதல் பத்து நொடியிலேயே பாதி முடிவு செய்துவிடுவார். பலவீனமான ஒரு ஷாட் இருந்தால் "இது இவருக்கே தெரியவில்லையே" என்ற எண்ணம் வரும். அது மற்ற நாலு ஷாட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஆகவே நீளத்துக்காக எதையும் சேர்க்காதீர்கள். பந்து வேண்டாம், வெறும் நடைச் சுழற்சி வேண்டாம். கேம் வேலைக்குப் போகிறவர் மட்டும் சுழற்சிகளை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். அலங்கார ரெண்டர் தேவையில்லை. சுத்தமான சாம்பல் நிற ப்ளேபிளாஸ்ட் போதும். பாட்டு வேண்டாம், பலர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். முன்னும் பின்னும் பெயர், மின்னஞ்சல், எந்த வேலைக்கு என்பது. கூட்டாகச் செய்த ஷாட்டில் உங்கள் பங்கு எது என்று எழுதுங்கள். 1080பி எம்பி4, கடவுச்சொல் கேட்காத இணைப்பு.

ஒரே ரீலை எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். படம், தொடர் எடுக்கும் ஸ்டூடியோவுக்கு நடிப்பும் வசனமும். விஎஃப்எக்ஸ் என்றால் நாலுகால் விலங்கும் உண்மையான எடையும். கேம் என்றால் நிற்பது, நடப்பது, ஓடுவது, தாக்குவது, அடிவாங்குவது. இவை அன்ரியல், யூனிட்டி போன்ற கேம் என்ஜினில் இயங்குவதைக் காட்டினால் கூடுதல் மதிப்பு. கேமில் ஆட்டக்காரர் கேமராவைச் சுற்றிப் பார்ப்பார், அதனால் எல்லாப் பக்கமிருந்தும் போஸ் நிற்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் அடி விழ வேண்டும் என்பதால் படத்தில் 10 ஃப்ரேம் எடுக்கும் தயாரிப்பு அசைவு அங்கே 2 அல்லது 3 ஃப்ரேமில் முடியும். படத்துக்குச் செய்த அழகான அடியைக் கேம் ரீலில் வைத்தால் இந்த வேறுபாடு தெரியாதவர் என்று உடனே பிடித்துவிடுவார்கள்.

ஜூனியர் அனிமேட்டர் என்ற பெயர்ப் பலகைக்காக மட்டும் காத்திருக்காதீர்கள். மோஷன் கேப்சர் (நடிகரின் அசைவைக் கருவியால் பதிவது) தரவைச் சுத்தம் செய்வது, லேஅவுட் (கேமராவையும் உருவங்களையும் இடத்தில் வைப்பது), ப்ரீவிஸ் (காட்சியின் தோராய முன்வடிவம்), 2டியில் இன்பிட்வீன் (இடைப் படங்கள் வரைவது), கிளீனப் (கோடுகளைச் சுத்தமாக வரைவது) ஆகியவை உள்ளே நுழையும் கதவுகள். இயந்திரக் கற்றலும் மோஷன் கேப்சரும் இந்தக் கீழ்நிலை வேலைகளைக் குறைத்துவருவதும் உண்மை. எண்ணிக்கைக்கு அசைவு செய்கிறவருக்கு இனி இடம் சுருங்கும். எந்த போஸ் வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்யத் தெரிந்தவருக்கு அவ்வளவு சுருங்காது என்பது என் கணிப்பு. இன்னொன்று, பல ஸ்டூடியோக்களில் வேலை படத்துக்குப் படம் ஒப்பந்தம்தான். இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே சில மாதம் சம்பளம் இல்லாமல் போகலாம். அதற்கான சேமிப்போடு இருங்கள்.

ஸ்டூடியோ ஒரு சோதனை ஷாட் கொடுத்தால் கேட்டதை மட்டும், கொடுத்த நேரத்துக்குள், சுத்தமாக முடியுங்கள். கூடுதலாக லைட்டிங் சேர்த்து, ஸ்ப்ளைனைப் பாதியில் விட்டு அனுப்புவது வழக்கமான தவறு. இரண்டு மூன்று நாளுக்கு மேல் இழுக்கும் சோதனையைச் சம்பளமின்றிக் கேட்டாலோ, அது அவர்களுடைய உண்மையான படத்தில் வரக்கூடிய ஷாட் போல இருந்தாலோ மறுத்துவிடலாம். கோப்புகளுக்கு வி001, வி002 என்று வரிசை எண் போட்டுச் சேமிக்கும் பழக்கம், ரிக்கைக் காட்சிக் கோப்புக்குள் நகலெடுத்து ஒட்டாமல் இணைப்பாகக் கொண்டுவரும் பழக்கம் இரண்டும் இருந்தால் முதல் வாரத்திலேயே உங்களைப் பழைய ஆளாக நடத்துவார்கள்.

தனியாக வாடிக்கையாளர் பிடித்துச் செய்வதென்றால், நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசும் முன் எத்தனை கேரக்டர், லிப் சிங்க் (வசனத்துக்கு வாயசைப்பு) உண்டா, பின்னணி யார் தருவது என்று கேளுங்கள். ஒரே 30 நொடி, கை காட்டிப் பேசும் ஓர் உருவமாகவும் இருக்கலாம், ஐந்து பேர் சண்டையாகவும் இருக்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். அனிமேட்டிக்கில் (ஓவியங்களை நேரப்படி கோர்த்த முன்வடிவில்) ஒருமுறை, ப்ளாக்கிங்கில் ஒருமுறை வாடிக்கையாளரின் ஒப்புதல். அதன் பிறகு இரண்டு சுற்றுத் திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து கட்டணம். ஒப்புதல் இல்லாமல் ஸ்ப்ளைனுக்குப் போய்விட்டால் "ஆள் இடப்பக்கத்திலிருந்து வரட்டுமே" என்ற ஒற்றை வரியில் இரண்டு வார வேலை போகும். தொடங்கும் முன் 30 முதல் 50 விழுக்காடு முன்பணம். பார்வைக்கு அனுப்பும் வீடியோவில் வாட்டர்மார்க். முடித்ததை ரீலில் வைக்கும் உரிமையையும், எந்தத் தேதிக்குப் பிறகு வைக்கலாம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் செய்த ஷாட்டை வெளியீட்டுக்கு முன் ரீலில் போட்டவரை அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள். மூலக் கோப்பு தேவையென்றால் அதற்குத் தனி விலை, அதுவும் கடைசித் தவணை கைக்கு வந்த பிறகு.